சிகாகோ நேரம்

தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக் கவியாவின் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள் பாஞ்சாலை.

“அறிவு அண்ணனுக்கு எந்த ஊரு நேரம், பெரியம்மா?”

“சிகாகோ.”

“மீட்டிங்குக்கு நேரம் கேக்குற இந்த ஆப்ல பச்சையா இருந்தா அவரு ஃப்ரீனு அர்த்தம். இப்ப சிவப்பு, தூங்குற நேரம். நமக்குச் சாயங்காலம் ஆறரையிலிருந்து கால் மணி நேரம் பச்சை காட்டுது. அங்க காலையில எட்டு.”

“அதையே போடும்மா. இங்க திருவண்ணாமலையில பாக்க முடியாதாம். நாளன்னிக்கு வேலூருக்குப் பையனைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு டாக்டர்.”

“மீட்டிங் யாரு கூடன்னு கேக்குது. அம்மானு போடட்டா?”

“வேணாம். அம்மான்னா அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுடுவான். பேரே போடாத.”

கவியா பேர் போடாமலே அனுப்பினாள். ஐந்து மணிக்குத்தான் ‘ஓகே’ என்று பதில் வந்தது.

ஆறரைக்குப் பாஞ்சாலை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தன் வீட்டு மாடிப்படி ஏறினாள். வீட்டிலிருந்தே சிகாகோ கம்பெனிக்கு வேலை பார்க்கும் மகனின் அறைக்கதவைத் தட்டினாள்.

“இப்ப ஒரு மீட்டிங் இருக்கும்மா. அப்புறமா வா,” என்றான் அறிவு உள்ளேயிருந்தே.

“தெரியும்ப்பா. அது நான்தான்.”