இனிமேல் பேச்சு கிடையாது

"அவன்கிட்ட சொல்லிடு, இந்தக் குறுக்கு வழியில போகலாம்னு சொன்னது அவன்தான், நான் இல்லன்னு."

தையல்காரன் ஜீப்பின் இடது பக்க நிழலில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னான். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அந்த பிளம்பர், வலது பக்கத்தில் காதுக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். நடுவில், ஜீப்பின் முன்சீட்டில் சாய்ந்து கிடந்த டிரைவர் கண்ணைத் திறந்தான்.

"ஏண்டா, அவன் காதுல விழலையா? நான் வேற ஒரு தடவை சொல்லணுமா?"

"எங்களுக்குள்ள இனிமே பேச்சு கிடையாது. நீ சொல்லு."

டிரைவர் வலது பக்கம் திரும்பினான். "வழி சொன்னது நீதானாம்."

"நான் இல்லன்னு சொல்லு. கூடவே, அவன் ஒரு கழுதைன்னும் சொல்லு."

இடது பக்கம் திரும்பினான். "அவன் இல்லையாம். நீ கழுதையாம்."

எந்தப் பக்கம் பார்த்தாலும் மணல். காலையில் மணல்மேட்டில் ஏறிய ஜீப், மறுபக்கம் குப்புறச் சரிந்து, முன்சக்கரங்கள் புதைய நின்றுவிட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு பாட்டில் தண்ணீர். பிளம்பர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டின் உச்சி வரை போனான். "சிக்னல் சுத்தமா இல்ல" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கி வந்தான். வந்தவன் தையல்காரனைத் தனியே கூட்டிப்போய் ஏதோ சொன்னான். அவ்வளவுதான், இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து பழகியவர்கள், இப்படியா ஜென்மப் பகையாளி ஆவார்கள்?

"டேய், வெயில் ஏறுது. ரெண்டு பேரும் சேந்து ஒரு தள்ளு தள்ளுங்கடா. நான் ஸ்டார்ட் பண்றேன். இல்லன்னா மூணு பேரும் இங்கயே காஞ்சு கருவாடாயிடுவோம்."

"அவன் கை வைக்கிற வண்டியில நான் கை வைக்க மாட்டேன்" என்றான் பிளம்பர்.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்" என்றான் தையல்காரன்.

"இதுல மட்டும் என்னா ஒத்துமை!"

டிரைவர் தலையில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினான். இரண்டு பேரும் பாய்ந்து வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாலைவனத்தில் ஒரு மனுஷனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூட உரிமை இல்லை.

அவனுக்கு உண்மையிலேயே தலை விண்விண் என்று வலித்தது. இந்த இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் யாருக்குத்தான் வலிக்காது? கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்தான்.

"டேய்! அவன்கிட்ட சொல்லு, என் கல்யாணத்துக்கு அவன் தைச்ச கோட்டுல ஒரு கை முழங்கையோட நின்னுபோச்சுன்னு. போட்டோவுல இன்னைக்கும் ஒரு கையைப் பின்னாடி மறைச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"கோட்டுல ஒரு கை குட்டையாம்" என்றான் டிரைவர், கண்ணைத் திறக்காமலே.

"கண்ணைத் தொறந்து சொல்லுடா!" என்று இரண்டு பக்கமிருந்தும் சத்தம் வந்தது.

"சரி, அவன்கிட்ட நீ இதைக் கேளு" என்றான் தையல்காரன். "என் வீட்டுக் குழாயை ரிப்பேர் பண்றேன்னு வந்தானே, அன்னையிலருந்து நான் குழாயைத் தொறந்தா பக்கத்து வீட்டுல தண்ணி வருதே, ஏன்?"

டிரைவர் கேட்டான். வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டிலை எடுத்து பிளம்பரிடம் நீட்டினான்.

"அவன் தொட்ட பாட்டில். எனக்கு வேணாம்."

தையல்காரனிடம் நீட்டினான். "அவன் மூச்சுக் காத்து பட்டிருக்கும். நீயே குடி."

வறட்டு கௌரவம் பிடித்த ஜென்மங்கள்! கடைசிச் சொட்டு வரை டிரைவர்தான் குடித்தான். இரண்டு பேரும் உதட்டை நக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். இவர்கள் வீம்பினாலேயே செத்துப்போவார்கள், கூடவே தானும் போக வேண்டியதுதான் என்று அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெயில் சாயும் நேரத்தில், மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. இறங்கிய நர்ஸ் நேராக டிரைவரிடம் வந்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மண்டையில அடிபட்டவர் இவர்தானே? தூங்க விட்டீங்களா?"

"நீங்க போன்ல சொன்னபடி, கண்ணை மூடவே விடலைங்க" என்றான் பிளம்பர்.

"நல்லது. இனிமே நாங்க பாத்துக்கறோம். கொஞ்சம் கண்ணசரட்டும்."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றப்பட்ட டிரைவர் திருதிருவென்று விழித்தான். "அப்ப... உங்க சண்டை?"

"எல்லாம் நாடகம்டா, சிக்னல் இல்லன்னு சொன்னதும்தான். வண்டி சரிஞ்சப்ப ஸ்டியரிங்ல மண்டையை மோதிக்கிட்டு கொஞ்ச நேரம் நினைவில்லாமக் கெடந்த. அடி பட்டிருக்குன்னு சொன்னா பயத்துலயே போயிடுவ. ஆம்புலன்ஸ் வருதுன்னு சொன்னா நிம்மதியாத் தூங்கிடுவ. அதான் உன்னை விடாமப் பேச வெச்சோம்."

டிரைவரின் கண்கள் நிறைந்துவிட்டன. இரண்டு பேரின் கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனான்.

வண்டி கிளம்பியது. எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"பிரமாதமா நடிச்சடா" என்றான் தையல்காரன்.

"நீ மட்டும் என்னவாம்?" என்றான் பிளம்பர். "ஆனா, நான் சொன்னதுல பாதிதான் நடிப்பு."

தையல்காரனின் சிரிப்பு நின்றது. குனிந்து, டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"டேய், எந்திரி. எந்தப் பாதின்னு அவன்கிட்ட கேளு!"