சிப்பிக் கடையில் ஒரு படம்

சிதம்பரம் கைவினைக் கண்காட்சியில் மாலை வெயில் பந்தல் துணி வழியே மஞ்சளாக இறங்குகிறது. கடைக்காரர்கள் அடுத்த கண்காட்சிக்கு விண்ணப்பிக்க ஆள் இல்லாத கடைப்படம்தான் கேட்கிறார்கள் என்பதால், புகைப்படக்காரி கயல்விழி ஒவ்வொரு கடையாக ஆட்களை நகரச் சொல்லிப் படம் எடுத்து வருகிறாள். தேவனாம்பட்டினத்து ஆரோக்கிய ராணியின் கடையில் சிப்பித் தோரணங்கள் காற்றில் உரசிச் சன்னமாக ஒலிக்கின்றன. உள்ளே நாற்காலியில் அவள் கணவர் மரியலூர்து உட்கார்ந்திருக்கிறார். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டிய தலையில் துண்டு கட்டியிருக்கிறார். சட்டை தோளிலிருந்து வழிகிறது. அவரை எழுந்து நகரச் சொல்லக் கயல்விழிக்கு வாய் வரவில்லை.

"அவரையும் சேத்து தனியா ஒண்ணு எடும்மா," என்கிறாள் ராணி. "ஊட்ல அவரு படமே இல்ல."

"நீங்களும் பக்கத்துல நில்லுங்கக்கா."

ராணி அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, தோளில் கை வைத்து நிற்கிறாள். சிப்பிகளில் பட்ட வெளிச்சம் இருவர் முகத்திலும் அசைகிறது. கயல்விழி காமிராவைத் தூக்கும்போது, அவர் அந்தக் கையை மெல்ல எடுத்துவிடுகிறார்.

"நீ தள்ளிக்க ராணி. என்ன மட்டும் எடுக்கட்டும். அப்புறம் ஒன்ன வெட்டிட்டு மாட்டறது செரமம்."

ராணி அதே தோளில் மறுபடியும் கையை வைக்கிறாள்.