சூடு ஆறட்டும்

சனிக்கிழமை மத்தியானம். விராலிமலை பம்ப் கம்பெனியின் சின்ன அறையில் பழைய சர்வரும் புது சர்வரும் அருகருகே இருக்கின்றன. ஆபீஸின் பன்னிரண்டு வருட மெயில்கள் பழையதிலிருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருக்கின்றன. புதியதன் நெற்றியில் சந்தனம் இன்னும் ஈரமாக இருக்கிறது; பழையதில் ஆயுத பூஜைப் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து மேடு தட்டியிருக்கின்றன. நடுவில் பழையது சூடேறி நின்றுவிட்டால் அத்தனை மெயிலும் போச்சு. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இளமதி நகத்தைக் கடிக்கிறாள். வெளியே எங்கோ மயில் கத்துகிறது. அறையைக் கூட்டிப் பெருக்க வந்த செவந்தி, இளமதிக்காகச் சுற்றிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை எடுத்துப் பழைய சர்வரின் முதுகுப் பக்கம் திருப்பி வைக்கிறாள். “எல்லாரும் புதுசயே பாக்குறீங்க. தூக்கிக் குடுக்குறது இதுதானேங்க?” இளமதி வியர்த்து வழியத் திரையையே பார்க்கிறாள். தொண்ணூற்றெட்டு சதவீதம், தொண்ணூற்றொன்பது, நூறு. அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வருகிறது. பழையதை அணைக்கக் கை பொத்தானுக்குப் போகிறது. “சித்த இருங்க மேடம், சூடு ஆறட்டும்” என்கிறாள் செவந்தி. இனி அதற்கு வேலையே இல்லை என்று சொல்ல வாயெடுத்த இளமதி, கையை அதன் தலைமேல் வைத்துப் பார்க்கிறாள். நன்றாகத்தான் சுடுகிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்கிறாள்.