தோற்கவும் கொடுத்துவைக்க வேண்டும்

மல்யுத்த மேடையில் ராய்ஸ் கால்டரின் கை அவர் கழுத்தை வளைத்துப் பிடித்திருந்தது.

பார்ப்பவர்களுக்கு அது கழுத்தை நெரிப்பது. தொழில் தெரிந்தவர்களுக்கு அதுதான் பேசும் இடம். வாய் அசைவது வெளியே தெரியாது. அடுத்து என்ன செய்வது என்று அங்கேதான் சொல்லிக்கொள்வார்கள்.

“இப்ப என்னைத் தூக்கிப் போடு. மேல படுத்துக்கோ. நடுவர் மூணு எண்ணட்டும்,” என்றான் ராய்ஸ். “ஆசைதீர ஜெயிச்சுக்கோ. பழசையெல்லாம் மறந்துடு.”

மறக்க வேண்டுமாம்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. அதில் பத்தொன்பது வருடம் மல்யுத்த மேடையில் போனது. அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் வேனில் போய், மேடையேறி, அழகாகத் தோற்றுவிட்டு இறங்குவதுதான் அவர் வேலை. யார் ஜெயிக்க வேண்டும் என்பதை மேலாளர் மத்தியானமே சொல்லிவிடுவார். ஜெயிக்கிறவனாக இவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு முறை கேட்டார்.

சொந்த ஊரான மன்சியில் ஆட்டம். அப்பா முதல் வரிசையில், சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார். முடிவு முன்பே பேசி வைத்தது என்பதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. அந்தக் காலத்தில் அது தொழிலுக்குச் செய்த சத்தியம். அதனால் அப்பா எல்லாவற்றையும் நிஜம் என்றே நம்பினார். மகன் ஜெயித்து அவர் பார்த்ததே இல்லை.

மேலாளர் சரி என்றார். எதிராளியான ராய்ஸும் சரி என்று கைகுலுக்கினான்.

மேடை ஏறியதும் ராய்ஸ் பேச்சு மாறினான். நிஜமான பலத்தோடு அவர் தோள்களைத் தரையில் அழுத்தினான். அவரால் நிஜமாகவே எழ முடியவில்லை. நடுவர் மூன்றுவரை எண்ணி முடித்தார். அதற்குள் தோளைத் தூக்காவிட்டால் தோல்வி.

“ஜனங்க என்னைப் பார்க்கத்தானே வந்திருக்காங்க,” என்றான் பிறகு, ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா மகனின் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அதன்பிறகு அவர் மேடை ஏறவே இல்லை. இருபது வருடம். அந்தத் தட்டிக்கொடுத்தலை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வயிறு எரியும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விடைபெறுகிறவன் கடைசி ஆட்டத்தில் தோற்க வேண்டும். இத்தனை நாள் சோறு போட்ட மேடையில் மல்லாந்து படுத்து, எதிரே நிற்பவனுக்கு ஒரு வெற்றியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் மரியாதை. ஜெயித்துவிட்டுப் போகிறவனோடு சக வீரர்கள் கைகுலுக்கக்கூட மாட்டார்கள்.

இன்று ராய்ஸின் கடைசி ஆட்டம்.

யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காதவன் என்று பெயரெடுத்தவன், அந்தப் பெயரைக் கழுவ வந்திருந்தான். அதற்கு அவரையே தேடிப் பிடித்திருந்தான். காலமெல்லாம் தோற்ற ஆளிடம் போய்த் தோற்றால் கூட்டம் கண்கலங்கும் அல்லவா. திரை ஓரத்தில் இளம் வீரர்கள் கைதட்டத் தயாராக வரிசையில் நின்றார்கள்.

ராய்ஸ் பிடியைத் தளர்த்தினான். தூக்குவதற்கு வாகாக உடம்பைக் கொடுத்தான்.

அவர் தூக்கவில்லை.

மல்லாக்க விழுந்தார். விழுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மேடையே அதிர்ந்தது. விழும்போதே ராய்ஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டார். அவன் அவர் மார்பின் மேல் வந்து விழுந்தான். இரண்டு கைகளாலும் அவனை இறுகக் கட்டிக்கொண்டார்.

பார்ப்பவர்களுக்கு ராய்ஸ்தான் அவரை அழுத்துவதுபோல் இருந்தது.

நடுவர் திருதிருவென்று விழித்தார். தோள் இரண்டும் தரையில் பட்டிருந்தால் எண்ணியாக வேண்டும். எண்ணாமல் நின்றால் ஆட்டத்தின் குட்டு அத்தனை பேர் முன்னாலும் உடைந்துவிடும். முட்டி போட்டுத் தரையைத் தட்டினார்.

ஒன்று.

“டேய், என்ன பண்றே? தோளைத் தூக்குடா.”

ராய்ஸ் திமிறினான். அறுபது வயதுக்கு மூச்சு வாங்கியது.

இரண்டு.

“கெஞ்சிக் கேக்கறேன்டா. என் மானமே போயிடும்.”

அவர் தோள்களை இன்னும் நன்றாகத் தரையில் பதித்துக்கொண்டார்.

மூன்று.

மணி அடித்தது. நடுவர் வேறு வழியில்லாமல் ராய்ஸின் கையைத் தூக்கிப் பிடித்தார். பின்வரிசையில் யாரோ ஊளையிட்டார்கள். அது முன்வரிசைவரை வந்தது.

யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். ராய்ஸ் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தான். தோற்றவன் பேசுவதற்காக எழுதிய பேச்சு அது. பார்த்துக்கொண்டே நின்றான்.

திரை ஓரத்து வரிசை ஒவ்வொருவராகக் கலைந்து உள்ளே போனது.

அவர் இன்னும் படுத்தே இருந்தார். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சமும் வெட்கமில்லாத, வயிறு நிறைந்த சந்தோஷம்.

மெல்ல எழுந்து மேடையைவிட்டு இறங்கினார். முதல் வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பாவம்டி அந்த மனுஷன். கடைசிவரைக்கும் ஒரு தடவகூட ஜெயிக்க முடியல பாரு.”

அவர் அவளைத் தாண்டும்போது வலியே இல்லாத வலது காலைக் கொஞ்சம் நொண்டி நடந்தார்.