கட்டை தாங்குச்சா?

பட்டென்று கட்டை உடைந்ததும் ஆய்வகத்துச் சீனியர் அக்காதான் முதலில் ஓடி வந்து சின்னவளின் தோளை அணைத்துக்கொண்டாள்.

இழுத்துப் பார்க்கும் மெஷினில் மேல்பிடியில் பாதியும் கீழ்ப்பிடியில் பாதியுமாக நின்றது, விரல் நீளக் கறுப்புப் பிளாஸ்டிக். சின்னவள் வார்த்தது. கிராஃபீன் என்ற கறுப்புப் பொடியை இம்மியளவு கலந்தாலே பிளாஸ்டிக் பல மடங்கு உறுதியாகும் என்பதுதான் அந்த ஆய்வகத்தின் பிழைப்பே. அக்காவின் கட்டைகள் தாங்கின. சின்னவளுடையவை இரண்டு வருஷமாகச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உடைந்தன.

பேராசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொடி திரண்டிருக்கும், ஒழுங்காகக் கலக்கவில்லை, கைப்பக்குவம் போதாது என்று வழக்கமான பாட்டைப் பாடினார். இந்த மாதத்தோடு ஒரு முடிவு எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலக்காமலா இருந்தாள்? ஒலியதிர்வால் கலக்கும், காது கிழியக் கத்தும் சோனிகேட்டரில் ரெசின் கூழை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் கிடந்தாள். நன்றாகக் கலக்கு என்றார்கள். கலக்கினால், கூடக் கலக்கிவிட்டாய் என்றார்கள்.

அக்கா பொடி அளக்கும்போது மின்விசிறியை அணைப்பாள், மாஸ்க் போடுவாள், பேச்சையே நிறுத்திவிடுவாள். மூச்சுப் பட்டாலே பறக்குமாம். சின்னவளின் பொடியோ கரண்டியில் சாதுவாக உட்காரும். கையாவது நிதானமாக இருக்கிறதே என்று அவள் தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

'உடைசல்' என்றே அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. அப்படிக் கூப்பிடாதவள் அக்கா மட்டும்தான்.

வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் சின்னவள். லாரி ஓட்டும் அப்பாவுக்குக் கிராஃபீன் என்று சொல்ல வாய் வராது. போனை எடுத்ததும், "கட்டை தாங்குச்சாம்மா?" என்பார். மெஷின் ரிப்பேர் என்று இவள் புளுகுவாள். இன்றைக்கு அந்தப் புளுகும் தீர்ந்துபோயிற்று.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். படிப்பும் வேண்டாம், பட்டமும் வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்றாள்.

அக்கா கதவை மறித்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. இவளுடைய புட்டி காலியானால் கேட்காமலே பொடியை நிரப்பி வைத்தவள். இவளை அனுப்பிவிடாதீர்கள் சார் என்று பேராசிரியரிடம் மல்லுக்கு நின்றவள். இந்த இடத்தில் தனக்கென்று ஒருத்தியாவது இருக்கிறாளே என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

"போகாதடி. அடுத்த மாசம் நான் தீசிஸ் குடுக்கணும். இன்னும் ஒரே ஒரு செட்டு வார்த்துக் குடுத்துட்டுப் போ."

"என் கட்டை உங்களுக்கு எதுக்குக்கா? அதுவும் உடையத்தானே போகுது."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"உடையணும்டி. உன் புட்டியில இருக்குற வெறும் கரித்தூளும் தாங்கிடுச்சுன்னா, என் கிராஃபீனுக்கு என்ன மதிப்பு?"