இரண்டு கன்னத்திலும் சிவப்பு

“பொண்டாட்டியைக் கை நீட்டி அடிக்கிறவன் எல்லாம் ஒரு ஆம்பளையாடா?”

மாணிக்கம் தொண்டையைத் திறந்தால் பத்தாவது மாடியில் காயப்போட்ட துணி ஆடும். இன்றைக்கு லிஃப்ட் வாசலில் திறந்துவிட்டார். புக்கிட் பாஞ்சாங்கின் அந்த அடுக்குமாடி பிளாக்கில் பாதிப் பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். மீதிப் பேர் திறக்காமலே கேட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சுரேந்தர் ஒரு அடி பின்வாங்கினான். “அங்கிள், நான் அடிக்கல...”

“பின்ன? ரெண்டு கன்னமும் பழுத்துக் கிடக்குதே, அந்தப் புள்ள தானா அறைஞ்சுக்கிச்சா? விடிஞ்சா போதும், செவுத்தைத் தாண்டி அழுகைச் சத்தம். முப்பது வருஷம் செக்யூரிட்டி வேலை பார்த்தவன்டா நான். போலீசுக்குப் போன் போடவா?”

சுரேந்தர் இரண்டு கையையும் கூப்பினான். வழக்கு என்று வந்து வேலை அனுமதி பாஸ் போனால், மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். மனைவி சங்கீதாவின் வைத்தியம் பாதியில் நிற்கும்.

மாணிக்கத்தின் மனைவி சரசு, காய்கறிப் பையோடு பின்னால் நின்றாள். முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சத்தம் கேட்டு சங்கீதாவே சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கையில் ஆஸ்பத்திரிக் கடிதம்.

“அவரைத் திட்டாதீங்க அங்கிள். எனக்கு லூப்பஸ். கிருமியை அடிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள், என் உடம்பையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. கன்னம் சிவக்குறது அதனாலதான். காலையில எழுந்தா விரலை மடக்க முடியாது, அதான் அழுறேன். இப்ப கிட்னியையும் தொட்டுடுச்சு.”

“காவக்காரனே சொந்த வீட்டை அடிக்கிறானா? நல்ல கதை லா!” என்றார் மாணிக்கம்.

கடிதத்தைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, இரண்டு முறை படித்தார். குரல் தரைத் தளத்துக்கு இறங்கியது.

“மன்னிச்சுக்க தம்பி. பொம்பளப் புள்ள அழுதா எனக்குத் தாங்காது.”

வீட்டுக்குள் வந்ததும் சங்கீதா சொன்னாள்: “எங்கப்பாகூட எனக்காக இப்படிச் சண்டைக்கு வந்திருக்க மாட்டாரு. நல்ல மனுஷன்ங்க.”

வாங்கிக் கட்டிக்கொண்ட சுரேந்தரும் தலையாட்டினான்.

மறுநாள் காலை, மாணிக்கம் கீழே காப்பிக் கடைக்குப் போனதும் சரசு வந்து கதவைத் தட்டினாள். லிஃப்ட் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“தம்பி, அந்த நோயோட பேரை ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன்.”

“எதுக்கு ஆன்ட்டி? சொந்தத்துல யாருக்காவது இருக்கா?”

சரசு தன் வீங்கிய கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“எனக்குத்தான். கேக்குறவங்ககிட்ட பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு இன்னும் எத்தனை தடவைதான் தம்பி சொல்றது?”