நாலாம் மாடி அண்டா

"எடுத்துக்கிட்டுப் போயி இன்னியோட பதினேழு நாளாச்சு. எடுத்ததைத் திருப்பிக் குடுக்கணும்னு ஒரு மனுஷிக்குத் தெரியாதா?"

இதையே எஃபத் நாலாவது தடவையாகச் சொன்னாள், ஒரு சொல் மாறாமல்.

மஷ்ஹத் நகரத்தில் அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழறையில் ஏணி, தையல் மெஷின், குக்கர், பெரிய அண்டா என்று எல்லாம் பொது. நோட்டில் பெயரை எழுதிவிட்டு யாரும் எடுத்துப் போகலாம். நோட்டு தூரானின் கையில். பழுதான சாமான்கள் அவள் கணவர் மன்சூரின் கையில்.

"மாமியாருக்கு நாப்பதாம் நாள்னு அண்டாவை எடுத்தா. வந்தவங்க சாப்பிட்டு ஊருக்கும் போயாச்சு. நாளன்னிக்கு என் நேர்த்திக்கடன். நூறு பேருக்கு ஆஷ் கஞ்சி எதுல காய்ச்சறது, என் தலையிலயா? அவ பேரை அடி தூரான். தையல் மெஷினும் கிடையாதுன்னா தானா புத்தி வரும்."

தையல் மெஷின் இல்லையென்றால் நாலாம் மாடி ஷஹ்லாவுக்குப் பிழைப்பே இல்லை. தூரானுக்கும் அது தெரியும். அதற்காக, ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா? பேனாவை எடுத்தாள்.

மன்சூர் கையிலிருந்த டீ சமோவாரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மேல போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் அடி. போன மாசம் குக்கரைத் திருப்பிக் குடுக்க வந்தப்போ நீ போட்ட போடுல பயந்து கிடக்காளோ என்னவோ."

"நான் என்ன போட்டேன்? தமாஷா ரெண்டு வார்த்தை. நீங்க உங்க திருகாணியைப் பாருங்க."

இருந்தாலும் பெண்கள் இருவரும் படியேறினார்கள். மன்சூர் இன்னும் சரி செய்யாத ஒரே சாமான் லிஃப்ட்.

ஷஹ்லா பாதிக் கதவைத் திறந்தாள். மீதிப் பாதியை எஃபத் திறந்தாள்.

கூடத்தின் நடுவில் அண்டா. முகம் பார்க்கலாம் போலத் தேய்த்து, நிமிர்த்தி வைத்திருந்தது. எஃபத் உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு பிடி பயறு, அரைப் பாக்கெட் நூடுல்ஸ், இரண்டு வெங்காயம்.

"தேய்ச்சுதானே வெச்சிருக்கே. தர்றதுக்கு என்ன கேடு?"

"இன்னும் பத்து நாள் பொறுத்துக்குங்க கானூம். தையக்கூலி வர வர ஒண்ணொண்ணா வாங்கிச் சேர்க்கறேன். ஆஷ் காய்ச்சிப் பாதி அண்டாவாவது நிறைச்சுக் குடுத்துடறேன். வெறும் ஏனத்தைத் திருப்பிக் குடுத்தா மரியாதை இல்லையாம்."

"பொது அண்டாவுக்கு என்னடி மரியாதை? எந்த அதிகப்பிரசங்கி சொன்னா உனக்கு?"

ஷஹ்லா மறந்தும் தூரான் பக்கம் திரும்பவில்லை.

"யாரோ சொன்னாங்க. யாருன்னு ஞாபகமில்ல."

தூரானுக்குக் காது சுட்டது. போன மாதம் அந்தக் குக்கரை வாங்கி, எல்லார் முன்னாலும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, 'எங்க வீட்டுல ஏனத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம்மா' என்று அவள் சொன்னபோது முதலில் சிரித்ததே இந்த எஃபத்தான்.

எஃபத் மறுபடி வாயைத் திறந்தாள். தூரான் அவள் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"ஷஹ்லா கானூம், நாங்க ஒரு உதவி கேட்டு வந்தோம். நாளன்னிக்கு ஆஷ் காய்ச்சறோம். எங்ககிட்ட அவ்வளவு பெரிய ஏனம் இல்ல. உங்க அண்டாவை ஒரு நாளைக்கு இரவல் தருவீங்களா?"

ஷஹ்லா அண்டாவைப் பார்த்தாள், தூரானைப் பார்த்தாள். எஃபத்தும்தான்.

"வெறுமனே திருப்பித் தர மாட்டோம். நிறைச்சுத்தான் தருவோம். குடுங்களேன்."